11 வருடமாக ஒரே விமானப் புத்தகம், எங்கே நிறுத்துவது?

நீலவால்:
காமெட் விமானத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. முதலில் நினைத்தது 200 பக்கம்: உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம், 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சேவையைத் தொடங்கியது, இரண்டு வருடத்துக்குள் நடுவானில் பிளந்து விழுந்தது, ஏன் என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான். இப்போது 640 பக்கம் சேர்ந்திருக்கிறது, கதை இன்னும் 1954 ஏப்ரலைத் தாண்டவில்லை.

சோம்பலில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தை முடிக்கும்போதும் புதிதாக ஒரு காகிதம் கண்ணில் பட்டு, எழுதியதைக் கலைக்க வைக்கிறது. பெரிய அடி ஜன்னல் விஷயத்தில் விழுந்தது. சதுர ஜன்னல் மூலையில் விரிசல் விட்டது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் அதை நம்பி 40 பக்கம் கட்டியிருந்தேன். அப்புறம் விசாரணை அறிக்கையை முழுதாக உட்கார்ந்து படித்தால், இத்தாலியின் எல்பா தீவுக்கருகே விழுந்த விமானத்தில் அவர்கள் கைகாட்டுவது கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையை. 40 பக்கமும் போயிற்று.

இன்னொன்று. ஐந்தாவது வருடத்தில், ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரைப் பார்த்தேன். காமெட்டை உடைத்த உலோகச் சோர்வு என்றால் என்ன என்று கேட்டதற்கு, மேசையில் கிடந்த ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒன்றும் பேசாமல் இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தார். பத்துப் பதினைந்து தடவை இருக்கும், பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த முனையை என் விரலில் வைத்தார், சுட்டது. "புத்தகம் வந்தால் முதல் பிரதி எனக்கு" என்றார். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது உண்டா, எப்படி வெளியே வந்தீர்கள்?

காகிதப்புலி:
நான் மாட்டியிருக்கிறேன். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பற்றி எழுதும்போது, அது ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4-ஆ 5-ஆ என்று இரண்டு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். மாஸ்கோ நேரப்படி 4, ஏவுதளத்தின் உள்ளூர் நேரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டதால் 5. இரண்டு வார உழைப்பு கடைசியில் ஒரு வரி அடிக்குறிப்பு ஆயிற்று! அதைவிடக் கொடுமை, ஸ்புட்னிக்கை ஏவிய ராக்கெட்டை வடிவமைத்த கொரோலெவ். 1966 ஜனவரியில் அவர் இறக்கும்வரை பெயரே வெளியே வராததால், அதற்கு முந்தைய செய்திகளில் ஆளையே காணோம், தலைமை வடிவமைப்பாளர் என்ற பட்டம் மட்டும்தான். ஆகவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டேன், அதற்குப் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் அடுத்த பதிப்புக்கு என்று ஒரு பெட்டியில் போட்டேன். பெட்டி இப்போது நிரம்பி வழிகிறது, ஆனால் புத்தகம் வந்துவிட்டது.

ரிவெட்:
அந்த 40 பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் கதை முழுப் பொய் இல்லை, இடம் மாறிய கதை. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் யோக் அங்கிள் என்ற காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, இறக்கைகளை இரு பக்கமும் வெளியே நீட்டவிட்டு, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிரப்பி உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள், ஒரு தடவை ஏற்றி இறக்கினால் ஒரு பறப்புக்குச் சமம். காற்றை அடைத்துச் செய்திருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும், எங்கே கிழிய ஆரம்பித்தது என்றே தெரிந்திருக்காது. தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, அதனால் கிழிந்த இடம் பார்க்கும்படி மிஞ்சியது. நிஜமாகப் பறந்தது 1,221 தடவை, தொட்டியில் 1,836, ஆக 3,057-இல் பிளந்தது. அவசர வழி ஜன்னலின் மூலையில்! ஜன்னல் கதை கிளம்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

எல்பாவில் விழுந்த யோக் பீட்டர் பறந்தது 1,290 தடவை, 1954 ஏப்ரலில் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் விழுந்த இன்னொரு காமெட் 900 தடவை. ஒரே ரக விமானம், ஒன்று 900-இல் போகிறது, இன்னொன்று 3,057 வரை தாங்குகிறது. நானாக இருந்தால் இந்த மூன்று எண்ணையும் முதல் பக்கத்தில் வைத்து, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற ஒரே கேள்வியில் புத்தகத்தை ஓட்டுவேன். 1958-இல் காமெட் 4 அட்லாண்டிக்கைக் கடந்தது, மூன்றே வாரத்தில் போயிங் 707 வந்து நின்றது, அதெல்லாம் வேறு புத்தகம்.

அரைமைல்:
காகிதப்புலி சொல்வது சரி, ஆனால் அவசரமும் வேண்டாம். நான் கெடுவுக்குப் பயந்து ஓடியதில், ஒரு அட்டவணை முழுக்கக் கிலோமீட்டராக மாற்றும்போது கடல் மைலைச் சாதாரண மைலாக எடுத்துப் பெருக்கிவிட்டேன். 1.852-க்குப் பதில் 1.609. அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் பென்சிலால் திருத்தி அந்தப் பக்கத்தையே எனக்கு அனுப்பினார். எண்களை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் கண்ணுக்கு நம் தப்பு தெரியாது.

நீலவால்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே 1955 பிப்ரவரியில் அறிக்கை வெளியானதோடு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். 40 பக்கத்தில் 25 தேறும், தொட்டி அத்தியாயத்துக்குப் போகிறது. ஜெம் கிளிப் முதல் பக்கத்துக்கு வருகிறது, மூன்று எண்கள் அதற்கு அடுத்து. அரைமைல், எண்களை உங்களுக்கே அனுப்பலாமா?

ரிவெட், நேப்பிள்ஸ் விமானம் ஆழ்கடலில் விழுந்ததால் சிதைவுகளை மேலே கொண்டுவர முடியவில்லையே, அப்படியிருக்க அதுவும் அதே காரணத்தால்தான் என்று எதை வைத்து... சரி, வேண்டாம். பெட்டியில் போட்டுவிட்டேன்.