முயலின் ஈரலும் குண்டிக்காயும்: சமைத்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து, முயல் வளர்ப்பவர்

பதினொரு ஆண்டுகளாக முயல் வளர்த்து வருகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறி மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்திலிருந்து வெள்ளை ஜெயண்ட் இனத்தில் ஐந்து பெட்டைகளும் இரண்டு கிடாக்களும் வாங்கி வந்து தொடங்கியது இந்தப் பண்ணை. வாரக் கடைசியில் வீட்டுக்கே வந்து கறி வாங்கிச் செல்பவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் "கறியை மட்டும் வெட்டிக் கொடுங்கள், உள்ளே இருப்பது வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆட்டு ஈரலுக்கு அதிகாலையில் கடை வாசலில் நிற்கும் அதே மனிதர்கள் முயல் ஈரலை ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது. பழக்கமின்மையைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே என் அனுபவத்தை எழுதுகிறேன். சமைத்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

பன்னிரண்டு வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு வரும் முயலை அறுத்தால் 1 கிலோ அளவுக்குக் கறி நிற்கும். என் வீட்டுத் தராசில் ஈரல் 60 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், இரண்டும் சேர்ந்து 15 கிராமைத் தாண்டுவதில்லை. இதயம் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. சுவரொட்டி என்று ஆட்டில் நாம் தேடி வாங்கும் மண்ணீரல், முயலில் சுண்டுவிரலைவிட மெல்லிய கருஞ்சிவப்புப் பட்டையாக இரைப்பையோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு முயலின் உறுப்புகள் ஒருவருக்கே போதாது. மூன்று முயல் அறுக்கும் நாளில்தான் எங்கள் வீட்டில் ஈரல் வறுவல்.

முதல் முறை நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். முயலுக்குப் பித்தப்பை உண்டு. ஈரல் மடல்களுக்கு இடையில் கரும்பச்சை நிறத்தில், புளியங்கொட்டையைப் போல, எளிதில் கண்ணில் படாமல் அது பதிந்திருக்கும். ஆட்டு ஈரலைக் கடைக்காரர் சுத்தம் செய்து கொடுத்தே பழகிய நான், அதைக் கவனிக்காமல் கத்தியை வைத்துவிட்டேன். பச்சை நீர் வழிந்து ஈரல் முழுவதும் பரவியது. மூன்று தண்ணீரில் கழுவியும் பயனில்லை. வறுத்து வாயில் வைத்ததும் வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் கசந்தது. அடுப்பருகே நின்றிருந்த என் அம்மா, "பித்து ஒடைஞ்சா கழுவக் கூடாதுடா தம்பி, அந்தப் பக்கத்தையே அரிஞ்சு போட்டுரணும்" என்றார். அன்றிலிருந்து பையைத் தொடாமல், அது ஒட்டியிருக்கும் ஈரல் துணுக்கையும் சேர்த்து இரண்டு விரற்கடை தள்ளியே வெட்டி எடுக்கிறேன். அந்தச் சிறு துணுக்கு வீணாவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சமையல் முறை எளிது. ஈரலை நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக்கி, குண்டிக்காயின் மேல்தோலை உரித்து இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பை எடுத்துவிட வேண்டும். இதயத்தைக் கீறி உள்ளே உறைந்திருக்கும் ரத்தத்தை அழுத்தி வெளியேற்ற வேண்டும். குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பை எறிந்துவிடாமல், முதலில் அதையே இரும்புச் சட்டியில் போட்டு உருக்குகிறேன். முயலில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது அந்த இடத்தில்தான். பற்றாததற்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தட்டிய பூண்டு ஆறேழு பல், கறிவேப்பிலை போட்டு வதக்கி, முதலில் இதயத்தையும் குண்டிக்காயையும் போடுவேன். அவை நிறம் மாறி நான்கைந்து நிமிடம் ஆன பிறகே ஈரல் சட்டிக்குள் போகும். புதிதாக இடித்த மிளகும் சீரகமும் தூவி மேலும் ஐந்து நிமிடம் வைத்து, துண்டைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் ரத்தச் சிவப்பு மறைந்திருக்க வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். விட்டால் ரப்பர்போல் இறுகி, வாயில் மாவாக உதிரும். உப்பை இறக்கும் நேரத்தில்தான் போடுகிறேன், முன்பே போட்டால் ஈரல் நீர் விட்டு விறைத்துவிடுகிறது.

குடலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். போட்டி என்று வாங்கும் ஆட்டுக் குடலைப்போல நினைத்து இதில் இறங்க வேண்டாம். முயலின் குடல் காகிதம்போல் மெல்லியது. குருட்டுக்குடல் மட்டும் வயிற்றில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, புளிக்கும் தீவனத்தால் நிறைந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யும் உழைப்புக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அது தென்னை மரத்தடியில் ஆழக் குழி தோண்டிப் புதைக்கப்படுகிறது.

திருச்சியிலிருந்து, ஊட்டச்சத்து ஆலோசகர்

உணவாலோசனைக்கு வரும் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்களே அதிகம் என்பதால், இந்தப் பகிர்வை ஆர்வத்தோடு படித்தேன். முயல் கறியைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது "ரத்தம் ஊறும் கறி" என்று பலர் நம்பி வருகிறார்கள். உண்மையில் 100 கிராம் முயல் கறியில் புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு 5 கிராமைச் சற்றுத் தாண்டும், வைட்டமின் பி12 தாராளமாக உண்டு. ஆனால் இரும்புச்சத்து ஒன்றரை மில்லிகிராம் அளவே. வெளிர் நிறத் தசை என்பதே அதற்குச் சான்று. நம் நாட்டுப் பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இரும்புக்காக முயல் வாங்குகிறீர்கள் என்றால், நீங்கள் வேண்டாம் என்று விட்டுவரும் ஈரலில்தான் அது சேர்ந்திருக்கிறது. கூடவே ஃபோலேட், பி12, தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவையும் அங்கேதான். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பை நம் குடல் எளிதாக ஈர்த்துக்கொள்கிறது. ஈரலோடு ஓர் எலுமிச்சை மூடியைப் பிழிந்து உண்டு, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால், அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும்.

என்னிடம் வந்த ஓர் இளம் ஆசிரியை, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டவர். அவருடைய மாமனார் வீட்டில் முயல் வளர்ப்பதாகச் சொன்னார். மருத்துவர் மாற்றிக் கொடுத்த மாத்திரையை விடாமல் தொடரச் சொல்லி, அதனோடு வாரம் ஒரு முறை ஈரலைச் சேர்க்கச் சொன்னேன். சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறியது. ஈரல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உணவைப் பார்த்து அஞ்சிய ஒருவருக்கு அது பசியைத் திருப்பிக் கொடுத்ததை நேரில் கண்டேன்.

அதே பெண் அடுத்த ஆண்டு கருவுற்றபோது, ஈரலை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவருக்கு வியப்பு. "குழந்தைக்கு நல்லதுதானே அக்கா?" என்று கேட்டார். விலங்கு ஈரலில் வைட்டமின் ஏ, ரெட்டினால் வடிவில் குவிந்து கிடக்கிறது. வயது வந்தவருக்கு ஒரு நாளின் பாதுகாப்பான மேல்வரம்பு 3,000 மைக்ரோகிராம். ஆட்டு ஈரலிலோ மாட்டு ஈரலிலோ 100 கிராம் உண்டாலே இந்த வரம்பு எளிதில் தாண்டிப்போகும். கருவின் முதல் மாதங்களில் ரெட்டினால் மிகுந்தால் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் எந்த ஈரலையும் தவிர்ப்பதே நல்லது. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினுக்கு இந்த அச்சம் இல்லை. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்குபவர்களும் ஈரல், குண்டிக்காய் இரண்டையும் விலக்க வேண்டும், ஏனெனில் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இவற்றில் அதிகம். மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை, 50 முதல் 75 கிராம் வரை போதும்.

குண்டிக்காய்க் கொழுப்பை உருக்கிப் பயன்படுத்துவதாக எழுதியது மகிழ்ச்சி தந்தது. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கொழுப்பே இல்லாத முயல் கறியை மட்டும் நம்பி வாழ நேர்ந்தவர்கள், வயிறு நிறைய உண்டும் வயிற்றுப்போக்கும் தலைவலியும் கண்டு நலிந்தனர். துருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். "முயல் பட்டினி" என்றே அதற்குப் பெயர். நம்மைப் போலச் சோறும் எண்ணெயும் சேர்த்து உண்பவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து, விவசாயி

ஈரலின் சுவையைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஈரலைப் பார்ப்பது எப்படி என்பதை நான் எழுதுகிறேன், ஏனெனில் அதை நான் கற்றுக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அறுத்த முயலின் ஈரல் முழுவதும், அரிசி நொய்யைத் தூவியதுபோல் வெண்மஞ்சள் புள்ளிகள். சில இடங்களில் பயறு அளவுக்குத் தடித்திருந்தன. கால்நடை மருத்துவரிடம் அலைபேசியில் படம் அனுப்பியபோது, அது ஈரல் காக்சிடியோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் என்றும், மனிதருக்குத் தொற்றாது என்றாலும் அந்த ஈரலை உண்ண வேண்டாம் என்றும் சொன்னார். கூண்டின் அடியில் புழுக்கை தேங்கி ஈரமாக இருந்ததே காரணம். கூண்டை உயர்த்தி, தீவனத் தட்டில் புழுக்கை விழாதபடி மாற்றி அமைத்த பிறகு அடுத்தடுத்த ஈட்டுக் குட்டிகளில் அது குறைந்தது.

இன்னொரு முறை கண்டது வேறு. ஈரலின் ஓரத்திலும் குடலைத் தாங்கும் சவ்விலும், ஜவ்வரிசி வெந்ததுபோல் பளபளக்கும் நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அது நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம். நான் வேலிமசால் அறுத்து வரும் வரப்பில் எங்கள் நாய்தான் நாள்தோறும் மலம் கழித்து வந்தது. முயல் அறுக்கும் நாளில் வேண்டாத உறுப்புகளைப் பச்சையாக அதே நாய்க்கு வீசியவனும் நான்தான். நாயிடமிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து முயலுக்கு, முயலிலிருந்து மறுபடி நாய்க்கு என்று அந்தச் சுற்றை என் கையாலேயே நடத்தி வந்திருக்கிறேன். நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்து, வரப்புக்கு வேலி கட்டி, உறுப்புகளை வேகவைக்காமல் நாய்க்குப் போடுவதை நிறுத்திய பிறகே அது நின்றது.

நல்ல ஈரல் ஒரே சீராகக் கருஞ்சிவப்பாக, விளிம்பு கூர்மையாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். வீக்கம், புள்ளி, கொப்புளம், துர்நாற்றம் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதில் சொறி கண்டால் ஐவர்மெக்டின் ஊசி, கழிச்சலுக்குச் சல்ஃபா மருந்து என்று நம் பண்ணைகளில் பயன்படுத்துகிறோம். அவை ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிக நாள் தங்கும். ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, கூண்டில் தேதி எழுதித் தொங்கவிடுகிறேன். வாங்குபவர்களும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மால்டாவிலிருந்து, முதியோர் இல்லப் பணியாளர்

இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தீவில் முயல் தேசிய உணவு. மால்டிய மொழியில் முயலுக்கு ஃபெனெக் என்று பெயர். குடும்பமாகக் கூடி முயல் உண்ணும் விருந்தை ஃபென்காட்டா என்கிறார்கள். ஜூன் 29 அன்று வரும் இம்னார்யா திருவிழாவில் புஸ்கெட் தோப்பில் வறுத்த முயல் இல்லாமல் அந்த நாள் நிறைவடையாது.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மூதாட்டியின் மகள், இம்ஜார் என்ற ஊருக்கு என்னை விருந்துக்கு அழைத்துச் சென்றார். முதலில் வந்தது ஸ்பகெட்டி. முயலைத் தக்காளி, பூண்டு, பிரிஞ்சி இலை, சிவப்பு ஒயின் சேர்த்து நெடுநேரம் வேகவைத்த குழம்பை அதன்மேல் ஊற்றியிருந்தார்கள். கறித் துண்டுகள் அடுத்த சுற்றில் தனியாக வந்தன. ஸ்பகெட்டிக் குழம்பில் தட்டுப்பட்ட சிறு துண்டுகள் ஈரலும் குண்டிக்காயும் என்று அவர் விளக்கினார். ஈரலில் பாதியை மசித்துக் கரைத்துவிடுவதால்தான் குழம்பு அவ்வளவு கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கிறதாம். ஈரல் துண்டைத் தனியாகக் கண்டால் முகம் சுளிக்கும் குழந்தைகளும் அதை ஒரு சொட்டு விடாமல் வழித்து உண்டதைப் பார்த்தேன். நம் மிளகுக் குழம்பிலும் இதைச் செய்யலாம் என்று தோன்றி, ஈரலை நன்றாக வேகவைத்து அம்மியில் வைத்ததுபோல் மையாக அரைத்து, கறி வெந்த பிறகு குழம்பில் கலந்து ஒரு கொதி விட்டேன். தேங்காய் அரைக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

தேனியிலிருந்து, ஓய்வுபெற்றவர்

என் தாத்தா காலத்தில் காட்டு முயலின் ஈரலைத்தான் உசத்தி என்பார்கள். அதைத் தேடி யாரும் இப்போது போக வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காட்டு முயல் வேட்டையைத் தடுக்கிறது, விற்பதும் குற்றம். பண்ணை முயல் இருக்கும்போது அதற்கு ஒரு தேவையும் இல்லை.

மீண்டும் ஒட்டன்சத்திரத்திலிருந்து

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. திருச்சி அம்மா எழுதியதைப் படித்த அன்றே, கறி வாங்க வந்த ஒரு கர்ப்பிணிக்கு ஈரலுக்குப் பதிலாக இரண்டு முன்னங்கால்களைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். ஈரலை எத்தனை நாள் வைக்கலாம் என்று தனியாக இருவர் கேட்டிருந்தார்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். உறைய வைத்தால் மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள். நுரையீரலைப் பற்றிக் கேட்டவருக்கு: அது வேகும்போது நுரை பொங்கும், தனியாக ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பில் சேர்க்கலாம், ஆனால் சுவை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மால்டாவில் இருக்கும் சகோதரர் சொன்ன முறையை நேற்று இரவு செய்து பார்த்தோம். மூன்று ஈரலில் ஒன்றரையை அரைத்துக் கலந்தேன். இதுவரை ஈரலைத் தொடாத என் மகள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, குழம்பில் என்ன சேர்த்தாய் என்று என் மனைவியிடம் கேட்டாள். சத்தியமங்கலத்து நண்பர் சொன்னதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஒவ்வொரு முயலின் ஈரலையும் ஒரு வாழையிலைத் துண்டில் விரித்து, இரண்டு பக்கமும் புரட்டி வாங்குபவரிடம் காட்டிய பிறகே கறியைக் கட்டிக் கொடுக்கிறேன். ஆறு பேருக்குக் காட்டினேன். நான்கு பேர் ஈரலையும் வாங்கிச் சென்றார்கள்.