வாத்துக்குஞ்சைப் பிடித்த மீன்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

போன வாரம் காலையில் என் கண்ணெதிரே நடந்தது. ஒரு புள்ளிமூக்கு வாத்து, பின்னால் ஒன்பது குஞ்சுகள். பொரித்து மூன்று நான்கு நாள்தான் இருக்கும், பஞ்சு உருண்டை மாதிரி. ஏரியில் கோரை ஓரமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் ஏதோ பூச்சியைக் கொத்த நின்றுவிட்டது. தாய் தள்ளிப் போனதும் பயந்துபோய், இரண்டு காலாலும் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடியது. பாதி தூரம் வந்திருக்கும். அதன் அடியில் தண்ணீர் குழி விழுந்த மாதிரி உள்வாங்கியது, ‘பளக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சுழி விரிந்து அடங்கிய பிறகு ஒரு தூவிகூட மிதக்கவில்லை. தாய் இரண்டு தடவை கத்தியது, மீதி எட்டையும் கூட்டிக்கொண்டு கோரைக்குள் போய்விட்டது.

பத்து நாளாக அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அடைகாத்த காலத்திலிருந்தே தெரியும் என்பதால் மனது கேட்கவில்லை. இது மீன்தானா, ஆமையா? உங்களில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

* * *

மீனாகத்தான் இருக்கும். ஆமை பிடித்தால் காலைக் கவ்விக் கீழே இழுக்கும், குஞ்சு கொஞ்ச நேரம் மேலேயே துடிக்கும். எங்கள் பண்ணைக் குட்டையில் அப்படி இரண்டு குஞ்சுகள் போயிருக்கின்றன. ஒரே விழுங்கில் காணாமல் போனால் அது பெரிய வாய்.

* * *

பைக் மீன் உள்ள குளிர்நாட்டு ஏரிகளில் பன்னிரண்டு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். நீங்கள் சொன்ன அதே சுழியை நான்கைந்து தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மறக்க முடியாதது ஒரு மீனின் வயிற்றைக் கிழித்தபோது பார்த்ததுதான்.

நீளம் 104 செ.மீ. வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. இரைப்பையைத் திறந்தால் முதலில் வந்தவை இரண்டு கால்கள். விரல்களின் இரு பக்கமும் இலை மாதிரி மடல்கள் இருந்தன. அதை வைத்துத்தான் நாமக்கோழிக் குஞ்சு என்று அடையாளம் கண்டேன். வாத்துக்கு விரலிடைச் சவ்வு இருக்கும், மடல் இருக்காது. தலைப்பக்கம் பாதி கரைந்துவிட்டது, கால்கள் மட்டும் அப்படியே இருந்தன. இரையைத் திருப்பித் தலை முதலில் போகும்படிதான் பைக் விழுங்கும். அதனால் கால்கள் கடைசியாக உள்ளே போயிருக்கின்றன.

அதன் உடம்பே இதற்கென்று அமைந்தது. முதுகுத் துடுப்பு வால் பக்கமாக வெகு பின்னால் இருக்கும். களைக்குள் அசையாமல் நின்று, உடம்பை வளைத்து, ஒரே உந்தில் பாயும். மேலண்ணத்தில் உள்ள பற்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போனது திரும்பி வராது. கொக்கியை எடுக்கப் போய் என் விரல் ஒரு தடவை மாட்டிக்கொண்டது, இழுக்க இழுக்கக் கிழிந்ததே தவிர வரவில்லை. கையை இன்னும் உள்ளே தள்ளிய பிறகுதான் விடுபட்டது.

உங்கள் குஞ்சு தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடியது என்றீர்களே, காரணம் அதுதான். மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அந்த அதிர்வைப் பிடித்துவிடும். சும்மா மிதக்கிற குஞ்சைவிடத் தவித்து ஓடுகிற குஞ்சுதான் சீக்கிரம் மாட்டும்.

* * *

அதிர்வு விஷயத்தை நானும் கண்ணால் பார்த்தேன். பிரான்சில் ஆல்பி ஊரில் டார்ன் ஆற்றின் பாலத்திலிருந்து. கீழே ஒரு கூழாங்கல் திட்டு. புறாக்கள் குளிக்கவும் குடிக்கவும் அங்கே இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் வெல்ஸ் கெளுத்திகள், ஒவ்வொன்றும் என் கால் நீளத்துக்கு மேலே, கருப்பு நிழல் மாதிரி மெதுவாக நகர்ந்து வந்தன. மேல்மீசை இரண்டும் விறைத்து நின்றன. புறா அசையாமல் நின்ற வரை கெளுத்தியும் சும்மா இருந்தது. ஒரு புறா இறக்கையை நனைத்து உதறத் தொடங்கியதும் மீன் பாதி உடம்போடு கரையில் ஏறி விழுந்தது! புறா பறந்துவிட்டது. கெளுத்தி வளைந்து நெளிந்து மறுபடியும் ஆற்றுக்குள் போனது. இரண்டு மணி நேரத்தில் மூன்று முயற்சி, ஒன்றில் புறா மாட்டிக்கொண்டது.

அங்கே 2011 கோடையில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்: 54 பாய்ச்சல்கள், 28 சதவீதம் வெற்றி. நான் பார்த்தது பெரிய அதிர்ஷ்டம் இல்லை, அங்கே அது அன்றாடம் நடப்பது என்று அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. டார்னுக்கு இந்த மீன் சொந்தமும் இல்லை. 1983இல்தான் கொண்டுவந்து விடப்பட்டது. முப்பது வருடத்துக்குள் இப்படி ஒரு வேட்டையைக் கற்றுக்கொண்டிருக்கிறதே!

* * *

நான் நேரில் பார்த்தது இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஷ்ரோடா அணையில் ஆப்பிரிக்கப் புலிமீன் தண்ணீரை விட்டு எகிறி, தாழப் பறக்கிற தகைவிலான் குருவியை அந்தரத்திலேயே கவ்வுகிறது. ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்த காணொளி இருக்கிறது. முதல் தடவை பார்த்தால் எதுவும் தெரியாது, அவ்வளவு வேகம். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

* * *

நம் பக்கத்து விராலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விரால் பாய்ந்தால் தின்னத்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எங்கள் வாத்துக்குஞ்சு ஒன்று தண்ணீர் மேலே செந்நிறமாகக் கூட்டமாய் மொய்த்துக்கொண்டிருந்த விரால் குஞ்சுகளுக்கு நடுவே புகுந்துவிட்டது. அடியிலிருந்து தாய் மீன் முட்டிய முட்டில் வாத்துக்குஞ்சு ஒரு சாண் மேலே எழும்பி விழுந்தது. விழுங்கவில்லை, விரட்டத்தான் செய்தது. எடுத்துப் பார்த்தேன், வயிற்றில் கீறல்கூட இல்லை, இதயம் மட்டும் படபடவென்று அடித்தது. தன் குஞ்சுகளைக் காக்கிற மீன் அது. எனக்கு அதன் மேல் கோபமே வரவில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுதியவன்தான் பேசுகிறேன், மூன்று வாரம் கழித்து.

பைக் பற்றி எழுதிய அண்ணன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டத்தில் கண் இருக்கும்படி கரையில் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் கோரைக்கு வெளியே பொடிமீன்கள் திடீரென்று நாலா பக்கமும் சிதறித் துள்ளின. அடுத்த கணம் ஒரு பெரிய வாளை பக்கவாட்டில் புரண்டது. வெள்ளி நிற விலா, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற வாய், வயிற்றிலிருந்து வால்வரை நீண்ட அடித்துடுப்பு. அந்த வாய் திறந்து மூடியதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

இடையில் இன்னும் இரண்டு குஞ்சுகள் போய்விட்டன. எப்போது, எதனால் என்று நான் பார்க்கவில்லை. மீதி ஆறும் இப்போது என் இரண்டு கையும் சேர்த்துப் பிடித்தாலும் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டன. இன்று காலை தாய் அவற்றை முதல் தடவையாகக் கோரையை விட்டு வெளியே கூட்டிவந்து, நடு ஏரியைக் குறுக்கே கடந்து அக்கரைக்குப் போனது. கடைசிக் குஞ்சு இப்போதும் பின்தங்கித்தான் போகிறது. அது அக்கரை சேர்கிற வரை நான் எழுந்திருக்கவில்லை.