புதுப்பிப்பு: கையைக் கண்டால் சீறிய பச்சோந்தி இப்போது தானாக ஏறி வருகிறது

டொராண்டோ வீட்டில் நான் வளர்க்கும் ஏமன் நாட்டு வெய்ல்டு பச்சோந்தி, கூண்டைத் திறந்தாலே உடலை உப்பி, கறுத்துச் சீறுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது "மேலிருந்து கை நீட்டாதீர்கள், பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள்" என்ற யோசனைதான். மரத்தில் வாழும் இதற்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்து. முதலில் கூண்டை என் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தினேன். அப்புறம் தினமும் உள்ளங்கையில் ஒரு பட்டுப்புழுவை வைத்து, கிளைக்குக் கீழே அசையாமல் நீட்டினேன். ஆரம்பத்தில் இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பும். கறுக்கத் தொடங்கினால் உடனே கதவைச் சாத்திவிடுவேன். சில வாரங்களில் நாக்கை நீட்டிப் புழுவை எடுத்தது. பிறகு ஒருநாள் முன்னங்காலை என் விரலில் வைத்து, அழுத்திப் பார்த்துவிட்டு ஏறியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு! திரும்ப விடும்போதும் இழுப்பதில்லை, நகம் பிய்ந்துவிடும். கையைக் கிளையோடு சேர்த்து வைத்தால் தானே இறங்கிப் போகிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. மாலையில் கறுப்பது மட்டும் நிற்கவில்லை. இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை வேறொரு ஆண் என்று நினைத்திருக்கிறது. திரை போட்டதும் சரியாகிவிட்டது.

வெப்ப விளக்கின் கீழ் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தால் 10 நிமிடம் போதும். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்குள்ள பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, பிடித்து வளர்க்கக் கூடாது.