அம்மாவின் சைக்கிளில் ஒரு முனகல், இடம் பிடிபடவில்லை

நாவற்குடா ரீச்சர் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது அம்மாவின் சைக்கிள். நடுக்கம்பி இல்லாத பழைய பெண்கள் வண்டி, 26 அங்குலச் சில்லு, பின்னால் கனமான இரும்புக் கரியர். அம்மா மருத்துவமாதுவாக இருந்த காலம் முழுவதும் இதில்தான் வீடு வீடாகப் போனார். அந்தக் கரியரில் உட்கார்ந்துதான் நான் பாலர் பாடசாலைக்குப் போனேன். இப்போது அதே வண்டியில் கல்லடிப் பாலம், மட்டக்களப்பு நகரம், வலையிறவுப் பாலம் எல்லாம் தாண்டி வவுணதீவுப் பக்கம் படிப்பிக்கப் போகிறேன்.

மூன்று மாதமாக ஒரு சத்தம். வலது கால் கீழே இறங்கும்போது 'கிறீச்' என்று ஒரு முனகல். கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றுக்கு அழுத்தி மிதிக்கும்போது தொடங்கி, பாடசாலை வாசல் வரை விடாது. மிதிக்காமல் உருளவிட்டால் நின்றுவிடுகிறது. மழையில் நனைந்தால் ஒரு நாள் அமைதி, காய்ந்ததும் முன்பைவிட மோசம். காலுக்கு அடியில், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுற்றும் அச்சிலிருந்து வருவதுபோலத்தான் கேட்கிறது. ஒரு கடையில் அச்சையும் இரண்டு பக்கக் கிண்ணங்களையும் குண்டுகளையும் மாற்றினார்கள். பயனில்லை. சனிக்கிழமைகளில் கொண்டுபோய்க் காட்டினால் சத்தமே வருவதில்லை. இன்னொருவர் சட்டம் வெடித்திருக்கும், இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஆரையம்பதித் திருத்துநர் எழுதியது:

தங்கச்சி, அச்சை மாற்றினார்கள் சரி, கொட்டர் பின்னை மாற்றினார்களா? கிராங்கை அச்சோடு பிணைக்கும் சரிவான ஆணி அது. பழைய வண்டிகளில் முனகலுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பலர் நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். அது தவறு. கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். நட்டு அதை விழாமல் பிடிப்பதற்கு மட்டும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

பெடல்களையும் கழற்றிக் கிறீஸ் வைத்துப் பூட்டுங்கள். இடது பெடலுக்கு இடப்புரி, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டுப் புரியை அழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாவிக்கரை எழுதியது:

சகோதரி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். சைக்கிள் சட்டம் வெறும் குழாய். ஒரு முனையில் பிறக்கும் சத்தம் மறு முனையில்தான் காதுக்குக் கேட்கும். காலுக்கு அடியில் கேட்பதால் அங்கேதான் குற்றம் என்று அர்த்தமில்லை.

முதலில் எண்ணுங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். உங்கள் சத்தம் பெடலோடு வருகிறது, ஆகவே சில்லின் குண்டுகளையும் கம்பிகளையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அடுத்து, சீற்றிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் குற்றம் சீற்றில், அதன் சுருளில் அல்லது அதைத் தாங்கும் குழாயில். பிறகு பெடலை மட்டும் வேறு வண்டியிலிருந்து மாற்றிப் பாருங்கள்.

சட்டம் வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, குழாய்கள் சேரும் இடங்களில் வர்ணத்தில் மயிரிழைபோல் கோடும் அதிலிருந்து கசியும் துருவும் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. முழுநிலாவில் வாவியில் பாடும் மீனைக் கேட்க நம் தோணிக்காரர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பை நீரில் இறக்கி மறு முனையைக் காதில் வைப்பார்கள். அதையே சைக்கிளுக்கும் செய்யலாம். ஒருவர் ஏறி உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை இறுக்கி வலது பெடலை அழுத்தட்டும். சில்லு உருளாது, சட்டம் மட்டும் முறுகும். மற்றவர் ஒரு முழ நீளக் கம்பைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு பொருத்தாகத் தொட்டுக் கேட்கட்டும். சத்தம் பிறக்கும் இடத்தில் அது குத்துவதுபோல் கேட்கும்.

நாவற்குடா ரீச்சர் எழுதியது:

மிக்க நன்றி. கொட்டர் பின்கள் புதியவை, இறுக்கமாக இருக்கின்றன. நின்று மிதித்தேன், சத்தம் நிற்கவில்லை. அயல்வீட்டுச் சைக்கிளின் பெடலைப் பூட்டியும் அதே முனகல். சட்டத்தில் கோடு எதுவும் இல்லை, அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை வைத்துக் கம்பு முறையும் செய்தேன். வண்டி ஊமைபோல் நின்றது.

செங்கலடி எழுதியது:

ரீச்சர், சனி ஞாயிறில் சத்தம் இல்லை, பாடசாலை நாளில் மட்டும் இருக்கிறது. பாடசாலை நாளில் கரியரில் என்ன கட்டுகிறீர்கள்?

நாவற்குடா ரீச்சர் எழுதியது:

உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்துபோய் முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். நான் கட்டுவது இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள், எழுபதுக்கு மேல் இருக்கும். அவற்றை ஏற்றிக் கட்டி, தம்பியை உட்கார வைத்து, பிரேக்கைப் பிடித்து மிதிக்கச் சொன்னேன். முதல் மிதியிலேயே முனகியது. அகப்பைக் காம்பைக் காதில் வைத்தேன். கிராங்கில் மெல்லிய சத்தம், சீற்றுக்கு அடியில் இன்னும் மெல்லியது. பின் சில்லின் வலது அச்சு முனையில் வைத்தபோது காதுக்குள்ளேயே கிறீச்சிட்டது.

கரியரின் வலது கால் அச்சு நட்டுக்குக் கீழே பூட்டியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் அங்கே வாஷரைக் காணவில்லை. போன தவணையில் ஒரு இடத்தில் பஞ்சர் ஒட்டியபோது சில்லைக் கழற்றினார்கள், அப்போதுதான் தவறியிருக்க வேண்டும். வட்டமாக இருந்த துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. சுற்றிலும் செம்மண் மாவுபோலத் துரு. நடுக்கம்பி இல்லாத சட்டம் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் முறுகும், புத்தகச் சுமை அதோடு சேர்ந்து திரும்பாமல் பின்தங்கும், இடையில் அந்தக் கால்தான் அரைபட்டிருக்கிறது. நனைந்த நாளில் தண்ணீரே எண்ணெயாக இருந்திருக்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவி, மட்கடதாசியால் தேய்த்து, இரண்டு பக்கமும் வாஷர் வைத்துக் கிறீஸ் தடவி இறுக்கினோம். மேலே கரியர் சட்டத்தைக் கவ்வும் இடத்தில் பழைய ரியூப் துண்டைச் சுற்றினோம். திங்கட்கிழமை முழுச் சுமையோடு பாலத்தில் ஏறினேன். காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அம்மாவிடம் சொன்னேன், கரியர் கால் நட்டைத் தான் மாதம் ஒருமுறை இறுக்குவது வழக்கம் என்றார். மூன்று மாதமாக அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த முட்டைத் துளையை அப்படியே விடலாமா?

ஆரையம்பதித் திருத்துநர் எழுதியது:

விடாதீர்கள். தடித்த வாஷர் ஒன்றைத் துளைக்கு மேல் வைத்து ஒட்டுவேலைக்காரரிடம் (வெல்டிங்) சுற்றி ஒட்டச் சொல்லுங்கள், கால் புதிதுபோல் ஆகிவிடும். கரியரை வண்டியிலிருந்து கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அச்சுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். திரும்பப் பூட்டும்போது சில்லு நடுவில் நிற்கிறதா, செயின் அரை அங்குலம் தளர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு நட்டை மறுபடி இறுக்குங்கள்.