பழைய செடான், உடைந்த பின் கண்ணாடி: மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அக்சென்ட் 2005, திருச்சி

மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது விராலிமலை தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். நல்ல உச்சி வெயில். டொப்பென்று ஒரு சத்தம். டயர்தான் போய்விட்டது என்று எல்லாரும் கீழே குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தால் பின் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்து நிற்கிறது. மனைவி கதவைத் திறந்த அதிர்வில் மொத்தமும் பின் சீட்டில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. யாரும் கல் எறியவில்லை, பக்கத்தில் வேறு வண்டியும் இல்லை.

பாலிதீன் ஷீட்டை பிரவுன் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மதுரை வரை ஓட்டினேன். பாதி வழியிலேயே மகளுக்குத் தலைவலி. பின்பக்கம் திறந்திருந்தால் ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். முன் ஜன்னல்களை இறக்கிய பிறகுதான் அவளுக்குச் சரியானது.

ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது மறுநாள் மதுரையில் ஒரு கடையில் நடந்தது. செகண்ட் ஹேண்ட் கண்ணாடி, கம்பெனி முத்திரையோடு, நல்ல நிலையில் கிடைத்தது. ஃபிட்டர் பையன் பழைய கறுப்புப் பசையை பிளேடால் அழகாகச் சீவி எடுத்தான். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மூக்கை வெட்டினான். பார்த்தால் பாத்ரூமில் வாஷ்பேசினைச் சுற்றிப் போடுகிற சிலிக்கான். "தம்பி, இது கார் கண்ணாடிக்குப் போடுறது இல்லையே" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், தண்ணி உள்ள வராது" என்று சொல்லிக்கொண்டே முதல் கோட்டை இழுக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தச் சொன்னேன். முதலாளி வந்து, வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறோம் என்றார். இழுத்தவரைக்கும் ஈரம் காயும்முன் துடைக்கச் சொல்லி, கண்ணாடிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, பின் சீட்டில் போர்வை விரித்து அதன்மேல் சாய்த்தேன். மனைவியையும் மகளையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டுத் தனியாகத் திருச்சிக்கு ஓட்டி வந்தேன். இங்கே பியூ (பாலியூரிதேன்) சீலன்ட், அதாவது கார் கண்ணாடி ஒட்டுவதற்கான பசை, போட்டு ஒட்டினார்கள். இன்றுவரை சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தக் கடையிலிருந்து அந்த ட்யூபோடு எத்தனை வண்டிகள் வெளியே போயிருக்கும்! அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

அம்பாஸடர் மார்க் 4, கும்பகோணம்

இந்தப் பசை, ட்யூப் தொல்லையெல்லாம் ஒட்டுகிற கண்ணாடி வந்த பிறகுதான். என் வண்டி 1987 மாடல். பின் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். பீடிங் வெடித்து மழைத்தண்ணீர் டிக்கிக்குள் இறங்க ஆரம்பித்ததும் கழற்றி மாட்ட வேண்டிவந்தது. எங்கள் ஊரில் வயதான மேஸ்திரி ஒருவர் செய்து கொடுத்தார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். புது பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார். அதன் உள் உதட்டுப் பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் சுற்றிவர வைத்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி விட்டார். சுற்றிலும் சோப்புத் தண்ணீர். கண்ணாடியை வெளியிலிருந்து வைத்து, என்னை உள்ளே உட்காரச் சொல்லி ஒரு முனையைக் கையில் கொடுத்தார். "நான் தட்டுற இடத்துல மட்டும் இழுங்க தம்பி, அவசரம் வேணாம்." அவர் வெளியே உள்ளங்கையால் தட்டத் தட்ட, நான் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பர் உதடு தகர விளிம்பைத் தாண்டி அங்குலம் அங்குலமாக உள்ளே வந்து படிந்தது. கடைசி மூலையில் கயிறு என் கைக்கு வந்ததும் அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார். அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் ஒரு பையன்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

டிங்கரிங் பட்டறை, சேலம்

என் பட்டறைக்கு ஒரு பழைய ஹோண்டா சிட்டி வந்தது. பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். அடியில் தகரம் துருப்பிடித்து, ஸ்க்ரூடிரைவர் நேராக டிக்கிக்குள் போய்விட்டது. ஓனர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "மேலே பசையைப் போட்டு மூடிடுங்க, விக்கப்போற வண்டிதான்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வாங்குகிறவருக்கும் குழந்தைகள் இருக்குமில்லையா.

அக்சென்ட் அண்ணன் செய்தது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் உதவும். புளித்த வாசனை வருகிற சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் அமிலம் விடும். பெயின்ட் போன தகரத்தை அது அரிக்கும். கண்ணாடியின் எடையைத் தாங்குகிற பிடிப்பும் அதற்கில்லை. ஒருமுறை அது பட்ட இடத்தில், சுத்தமாக எடுக்காமல் பிறகு பியூ போட்டாலும் ஒட்டாது. பியூ போடும் முன் கண்ணாடி விளிம்பை அதற்குரிய கிளீனரால் துடைத்து, பிரைமர் தடவி, காயவிட வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிற கறுப்புப் பட்டையை அழகுக்கு என்று நினைக்காதீர்கள். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பசையைத் தின்னாமல் காப்பது அதுதான். பழைய பசையைத் தகரம் தெரியச் சுரண்டவும் வேண்டாம். உறுதியாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவி, அதன்மேலேயே புதுப் பசை போடுவதுதான் நல்ல பிடிப்பு. சுரண்டும்போது தகரம் கீறினால் அங்கே பிரைமர் வைக்காமல் மூடக்கூடாது. நான் பார்த்த துருவில் பெரும்பகுதி முந்தைய ஃபிட்டரின் பிளேடு கீறலில் ஆரம்பித்ததுதான்.

ஒட்டி முடித்தபின் கண்ணாடியை டேப் போட்டு நிறுத்துங்கள். ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்று ஈரப்பசையைத் தள்ளிவிடும். வண்டியை எப்போது எடுக்கலாம் என்பது சீலன்டைப் பொறுத்தது, ட்யூபிலேயே போட்டிருக்கும். பிரஷர் வாஷ் பக்கம் சில நாள் போகாதீர்கள்.

விராலிமலையில் தானாக உடைந்தது பற்றி: பின் கண்ணாடி டஃபண்ட் வகை. முன் கண்ணாடி மாதிரி இரண்டு தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது இல்லை. அதைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் மேற்பரப்பு அழுந்தியும் உட்புறம் இழுபட்டும் நிற்கும். விளிம்பில் எப்போதோ பட்ட சின்ன அடி உள்ளே எட்டினால் போதும், வெயிலில் ஒருநாள் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும். அதே காரணத்தால் இதை அளவுக்கு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. வேறு மாடல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அம்பாஸடர் அண்ணா, பீடிங் வண்டியிலும் துரு வரும். ரப்பருக்கு அடியில் தண்ணீர் நின்றால் வெளியே தெரியவே தெரியாது.

அம்பாஸடர் மார்க் 4, கும்பகோணம்

சேலம் தம்பிக்கு: வரும், மறுக்கவில்லை. ஆனால் பீடிங்கைக் கழற்றிப் பார்க்கலாம், துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டு அதே கண்ணாடியைத் திரும்ப மாட்டலாம். ஒட்டின கண்ணாடியை உடையாமல் எடுக்கக் கம்பி போட்டு அறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு எத்தனை பேருக்குக் கை வரும்?

எஸ்டீம், நாகர்கோவில்

அப்பாவின் வண்டி. தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளின் கார்க் பந்து பட்டு பின் கண்ணாடி போய்விட்டது. முன்பு அதில் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தது, 2012-இல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றதும் அப்பா உரித்துவிட்டார். இருந்திருந்தால் துண்டுகள் அப்படியே தொங்கியிருக்கும், இவ்வளவு சிதறியிருக்காது.

சத்தம் கேட்டு ஓடினேன். எல்லாப் பையன்களும் ஓடிவிட்டார்கள், ஒரே ஒருவன் நின்றான். எட்டு வயது இருக்கும். டிக்கி மேல் கிடந்த துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கித் தன் சட்டையின் முன்பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கை கிழிந்துவிடுமே என்ற பயத்தில் "விடுடா, தொடாதே!" என்று கத்தினேன். அவன் நான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். சட்டையிலிருந்ததை அப்படியே தரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தேன், லீவுக்கு வந்தவன், ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். அப்பாவுக்கு அவன்மேல் கோபமே இல்லை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

கண்ணாடி மாற்றிய கடை நன்றாகவே செய்தது. ஒன்று மட்டும் எல்லாருக்கும்: பின் சீட்டின் அடிப்பலகையைக் கழற்றி வாக்யூம் போடச் சொல்லுங்கள். பின் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துத் தட்டுங்கள். கதவு, ஸ்பீக்கர் ஓட்டை, ஸ்டெப்னி குழி, எல்லா இடத்திலும் துண்டுகள் போயிருக்கும். எங்கள் வண்டியில் வெகுநாள் கழித்தும் பெல்ட் சுருளிலிருந்து ஒன்று வந்து விழுந்தது.

சிட்டி 2001, சென்னை

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை வண்டியின் பின்பக்கம் விழுந்தது. காற்று ஓய்ந்து இறங்கிப் பார்த்தபோது பின் சீட்டில் இலையும் கண்ணாடியும் தண்ணீருமாகக் குளம். புதுப்பேட்டையில் அந்த வாரம் என்னைப்போல் எத்தனையோ பேர் கண்ணாடி தேடிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெரியவர் தன் வண்டிக்கு வேண்டியது கிடைக்காமல், உடைந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக "இந்த நிறம் இருக்கா" என்று கேட்டுப்போனார். நிறத்தைப் பார்த்து மாடலைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

இங்கே ஒருவர்கூட இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசவில்லையே? பழைய வண்டிக்கு க்ளெய்ம் போட்டால் போனஸ் போய்விடும், போடாதே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழக்கமான முழு பாலிசியில் உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம். கண்ணாடிக்கு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். வண்டிக்கு வயது எவ்வளவு ஆனாலும் கண்ணாடியில் கழிவு இல்லை. நாம் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. போனஸ் என்பது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காக, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கிடைக்கிற தள்ளுபடி, 20-இல் ஆரம்பித்து 50 சதவீதம் வரை. மூன்றாம் நபர் பிரீமியத்தில் அது கிடையாது. பழைய வண்டியின் மதிப்பு குறைவு, ஆகவே சொந்தச் சேத பிரீமியமும் குறைவு, அதில் பாதி போனால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் கண்ணாடி விலைதான் அதிகமாக வரும். உடைந்ததும் எதையும் அள்ளாமல் போட்டோ எடுங்கள், சர்வேயர் பார்க்கும்முன் கண்ணாடி மாற்றாதீர்கள்.

அக்சென்ட் 2005, திருச்சி

சென்னை சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் என் வண்டிக்கு இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். இந்த வயது வண்டி வைத்திருக்கிற நிறையப் பேருக்கு அதுதான். எங்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான் எழுதியது காசைப் பற்றியும் இல்லை, என்ன பசை போட்டார்கள் என்பதைப் பற்றி.

கொரோலா 2003, டொராண்டோ

உங்களுக்கு வர்தா என்றால் எங்களுக்கு 2013 டிசம்பர் உறைமழை. மரமெல்லாம் ஐஸ் பூசி, கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்தன. ஸ்கார்பரோவில் எங்கள் கட்டிடத்துக் கார் பார்க்கிங்கில் ஒன்று என் கொரோலாவின் பின்னே இறங்கியது.

கடைக்காரர் வண்டியை ஹீட்டர் போட்ட கொட்டகைக்குள் வைத்துத்தான் ஒட்டினார். பியூ காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். கடும் குளிரில் காற்றும் வறண்டிருக்கும், பசையும் மெதுவாகத்தான் இறுகும். சென்னைக் காற்றில் அந்தக் கவலை உங்களுக்கு இருக்காது.

மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, பின் கண்ணாடியை மின்சாரக் கோடுகளால் சூடாக்கும் டீஃபாகரைப் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்று பார்த்தேன். பனி கோடு கோடாகக் கரைந்தது. மேலிருந்து ஒவ்வொரு கோடாகத் தெளிந்துவர, நடுவில் ஒன்று மட்டும் தெளியாமல் வெள்ளையாகவே நின்றது. அந்தக் கம்பிக்கோடு எங்கோ அறுந்திருக்கிறது. புதுக் கண்ணாடி! கடைக்காரர் வோல்ட் மீட்டர் வைத்து, மின்சாரம் எங்கே நிற்கிறது என்று விரல்நுனி அளவுக்குக் கண்டுபிடித்து, மின்சாரம் கடத்தும் பெயின்டை ஒரு பொட்டு வைத்தார். அடுத்த நாள் அந்தக் கோடும் கரைந்தது. அவருடைய பொறுமையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஊரில் பலர் டீஃபாகர் கோடு இல்லாத கண்ணாடியை விலை குறைவென்று வாங்குகிறார்கள் என்று தம்பி சொன்னான். உங்கள் வண்டியில் அந்த ஸ்விட்ச் இருந்தால் விடாதீர்கள், ஐப்பசி மழையில் அது வேண்டும். செகண்ட் ஹேண்ட் எடுக்கும்போது இரண்டு ஓரத்திலும் ஒயர் மாட்டுகிற தகடு பெயராமல் இருக்கிறதா என்று பாருங்கள். உட்பக்கம் துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்த்தால் அறுந்துவிடும்.

லான்சர் 2004, கோவை

டொராண்டோ அண்ணன் சொன்ன அதே தகடு பெயர்ந்த கண்ணாடிதான் எனக்கு உக்கடத்தில் கிடைத்தது. கடைக்காரர் சாதாரண ஈயப் பற்று வைத்துக் கொடுத்தார், ஒரு வாரத்தில் திரும்பப் பெயர்ந்து வந்துவிட்டது. வண்டி இப்போது ஷெட்டில் நிற்கிறது. டீஃபாகர் கோடு முழுசாக, தகடு இரண்டும் ஒட்டியபடி, லான்சர் பின் கண்ணாடி யாரிடமாவது இருந்தால், அல்லது எந்தக் கடையில் பார்த்தீர்கள் என்றாவது, இங்கேயே எழுதுங்கள். எந்த ஊரானாலும் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.