ஸாப்ஃபினோ எழுத்துருவில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். நான் அச்சகம் ஒன்றில் அழைப்பிதழ்களை வடிவமைக்கிறேன். ஒரு திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கம் முழுவதையும் ஸாப்ஃபினோவில் 14 புள்ளி (பாயிண்ட்) அளவில், வரிக்கு வரி 18 புள்ளி இடைவெளி வைத்து அமைத்தேன். மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தால், மேல்வரியின் ‘ஒய்’, ‘ஜி’ வால்கள் கீழ்வரியின் ‘எல்’, ‘ஹெச்’ கொம்புகளின் மீது ஏறிக் கிடக்கின்றன. வீட்டார் கேட்டபடி மணமக்கள் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) அமைத்தபோது, எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்றே புலப்படவில்லை. எழுத்துருவை மாற்றுவதா, அமைப்பை மாற்றுவதா?

மறுமொழி 1
அமைப்பை மாற்றுங்கள். எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944இல் தம் குறிப்பேட்டில் பேனாவால் எழுதிய ஒரு பக்கமே இந்த எழுத்துருவின் வித்து. உலோக அச்செழுத்துக்கு நான்கு புறமும் எல்லை உண்டு. அதைத் தாண்டி நீளும் வால் எளிதில் முறிந்துவிடும். அதனால் அந்தக் கையின் வீச்சு முழுமையாக அச்சேறுவதற்குக் கணினிக் காலம் வரவேண்டியிருந்தது. லைனோடைப் நிறுவனம் இதனை 1998இல் வெளியிட்டது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த வாலுக்கு 18 புள்ளி எப்படிப் போதும்? பெயர்களை மட்டும் ஸாப்ஃபினோவில் பெரிதாக அமைத்து, சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுங்கள். நாள், நேரம், மண்டப முகவரி ஆகியவற்றை ஆப்டிமா எழுத்துருவில் வையுங்கள். அதுவும் ஸாப்ஃப் வடிவமைத்ததுதான் என்பதால், இரண்டும் உறுத்தாமல் சேர்ந்து நிற்கும்.

ஸாப்ஃபினோவில் ஓர் எழுத்துக்கே பல மாற்று வடிவங்கள் உண்டு. மோதும் இடத்தில் வால் குறுகியதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெயரில் ‘என்’ இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு வடிவம் கொடுங்கள். கையால் எழுதுகிறவர் எவரும் ஒரே எழுத்தை இரண்டு முறை அச்சு அசலாக எழுதுவதில்லை.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. பெரிய எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒன்று மட்டும் வரட்டும். அதன் சுழிப்பு, பின்னால் வரும் சிறிய எழுத்துகளைத் தழுவிக்கொள்வதற்காக வரையப்பட்டது. பெரிய எழுத்துகளையே வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொன்றின் சுழிப்பும் அடுத்ததை இடிக்கும். இதனை வீட்டாரிடம் தாளிலேயே காட்டிவிடுங்கள். சொல்லிப் புரியவைப்பது கடினம்.

எழுத்துகள் கோத்து எழுதியதுபோல் வேண்டும் என்றால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துரு பொருந்தும். லண்டனில் எழுத்துக்கலை ஆசிரியராக இருந்த சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை ஒட்டி மாத்யூ கார்ட்டர் 1960களில் வடிவமைத்தது அது. அதில் எழுத்திடைவெளியைக் கூட்டவே கூடாது. கூட்டினால் இணைப்புக் கோடுகள் அறுந்து, சொல் துண்டு துண்டாகிவிடும். தங்கத் தகடு ஒட்டுவதாக இருந்தால் அதன் மெல்லிய கோடுகளுக்காகவே அளவைப் பெரிதாக்குங்கள். சிறிய அளவில் அவை தாளில் பதியாமல் போகும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. பெயர்களை 30 புள்ளியில் ஸாப்ஃபினோவிலும் மற்றவற்றை ஆப்டிமாவிலும் மாற்றி அமைத்துவிட்டேன். மணமகள் பெயரின் ஈற்று ‘ஒய்’ மட்டும் தேதியைத் தொட்டது. வால் குறுகிய வடிவத்தை வைத்ததும் விலகிவிட்டது. பெரிய எழுத்தில் அமைத்த தாளையும் இதனையும் சேர்த்தே நாளை வீட்டாரிடம் காட்டப்போகிறேன்.