பதில்: நிலைப்பொருளை ‘ஃபிளாஷ்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். கருவியின் சில்லிலேயே தங்கியிருந்து அதை இயக்கும் மென்பொருள்தான் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்). அதைச் சில்லில் புதிதாக எழுதுவதை ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ்’ செய்வது என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி.

> ‘மின்னேற்றுதல்’ என்று வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் மின்னேற்றம் என்றாலே பேட்டரி சார்ஜ்தான் நினைவுக்கு வரும். ‘பேட்டரியைக் கழற்றிவிட்டு மின்னேற்றவும்’ என்று வழிகாட்டியில் எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

> ‘பொறித்தல்’?

நல்ல சொல். றகரம் தவறி ரகரமானால் சில்லு வறுவலாகிவிடும். (3.3 வோல்ட் சில்லுக்கு 5 வோல்ட் கொடுப்பவர்களுக்கு அதை ஒதுக்கலாம்.) வேறொரு தடையும் இருக்கிறது: பொறித்தது கல்வெட்டுப்போல நிற்க வேண்டும், இங்கே அப்படி இல்லை. ‘எரித்தல்’ பழைய, ஒரே முறை எழுதும் சில்லுகளுக்குப் பொருந்தும். அவற்றில் உள்ளிருந்த இழைகள் உண்மையிலேயே எரிந்தன.

என் பரிந்துரை ‘அழித்தெழுதுதல்’.

மடிக்கணினியில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிலைப்பொருள்) இருக்கும் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த இடத்தில் எல்லா பிட்டும் 1. எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம், 0-ஐத் திரும்ப 1 ஆக்க முடியாது. அதற்குக் குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு பகுதியை மொத்தமாக அழித்தாக வேண்டும். ‘ஃபிளாஷ்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1980களில் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை உருவாக்கியபோது, அது ஒரேயடியாக அழிவதைப் பார்த்த உடன்பணியாளர் ஒருவருக்குக் கேமரா ஃபிளாஷ் நினைவுக்கு வந்ததாம். அழிப்பைக் குறித்த பெயரை நாம் எழுதுவதைக் குறித்து மட்டும் பெயர்க்கிறோம்.

சிக்கலும் பெரும்பாலும் அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில்தான் வருகிறது. சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில் 8 மெகாபைட், 4 மெகாபைட் என இரண்டு சில்லுகள். சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ என்ற யூஎஸ்பி கருவியை எட்டுக்கால் கிளிப்பால் சில்லோடு மாட்டுகிறோம்:

‘ஃபிளாஷ்ரோம் (flashrom) என்ற மென்பொருள் சில்லின் அடையாளத்தையே காட்டவில்லை என்றால் கிளிப் திரும்பி மாட்டியிருக்கிறதா பாருங்கள். காட்டினால் இரண்டு முறை படித்து, இரு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தொடர்பு சரியில்லை, அழித்தெழுத வேண்டாம். ஒன்றாக இருந்தால் பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு அழித்தெழுதுங்கள். சரிபார்ப்பு தோற்றால் கணினியை இயக்கிப் பார்க்காதீர்கள். கிளிப்பைச் சரிசெய்து மீண்டும் அழித்தெழுதுங்கள்.’

‘அழித்தெழுத வேண்டாம்’ என்ற இடத்தில் எச்சரிக்கை தனியாகத் தேவைப்படவில்லை. ‘பதிவேற்ற வேண்டாம்’ என்றிருந்தால் அந்தப் பயம் வராது. கருவிக்கு ‘அழித்தெழுதி’.

—

> நீளம் அதிகம். கைபேசிக் கடையில் ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்றால் முடிந்தது. அப்புறம், ‘எழுதி அழித்தல்’ என்று குழம்ப மாட்டார்களா?

கடைப்பேச்சை நாம் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். நாம் எழுதுவது கையேட்டுக்கு. வரிசை குழம்பாது: ‘அழித்து’ வினையெச்சம், அது முதலில் நடந்து முடிந்தால்தான் ‘எழுது’ வரும். ‘வெட்டியொட்டு’ என்றால் யாரும் ஒட்டிவிட்டு வெட்டுவதில்லையே.

நீளம் உறுத்தினால் பொத்தானில் ‘எழுது’ என்று மட்டும் போடலாம், அதற்கு முன் வரும் உறுதிப்படுத்தும் பெட்டியில் முழுச்சொல்லும் இருந்தால் சரி.

அடுத்தது, எழுதுவது பாதியில் நின்று இயங்காமல் போன கணினி. ஆங்கிலத்தில் ‘பிரிக்’ (செங்கல்) ஆகிவிட்டது என்பதையொட்டி ‘செங்கல்லாதல்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். ‘முடங்கியது’ போதும், கிளிப் மாட்டி மீட்கக்கூடியதைச் செங்கல் என்பானேன்?